முனாபிக்: ஒரு வசைச்சொல்லின் கரையோர வாழ்க்கை

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையிலான கரையோர முஸ்லிம் ஊர்களில் ஒருவனைத் திட்டுவதற்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஹறாங்குட்டி என்றால் அவனுடைய பிறப்பைத் திட்டுகிறார்கள். உண்மையில் அது அவனுடைய உம்மாவைத் திட்டுவது. இபுலீசு என்றால் அவனுடைய குணத்தை, முசீபத்து என்றால் அவனால் வந்த தொல்லையை. கஞ்சனுக்கும் சோம்பேறிக்கும், கடன் வாங்கிவிட்டுக் கண்ணில் படாமல் திரிகிறவனுக்கும் தனித்தனியே சொற்கள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை கோபம் ஆறினால் ஆறிவிடும். அசருக்குத் திட்டியவனும் திட்டு வாங்கியவனும் இஷாவுக்கு ஒரே ஸப்பில் நிற்பார்கள். அப்படி ஆறாத சொல் ஒன்று இருக்கிறது: முனாபிக்.

“அவன் முனாபிக்கு, அவனோட கதைக்காதீங்க” என்று ஒருவர் சொல்லிவிட்டால், அது அவனுடைய ஒரு செயலைப் பற்றிய பேச்சாக நிற்பதில்லை. அவனுடைய தொழுகை, தாடி, சலாம், சிரிப்பு எல்லாம் சந்தேகத்துக்குள்ளாகிவிடுகின்றன. வெளியே தெரியும் நல்லது எதுவும் இனி அவனுக்குச் சாட்சி சொல்லாது; நன்றாகத் தொழுதால் அதுவும் நடிப்புக் கணக்கில் சேரும். இழிவுபடுத்தும் வேறெந்தச் சொல்லுக்கும் இந்தச் சாமர்த்தியம் இல்லை. திருடன் திருடவில்லை என்று நிரூபிக்கலாம். முனாபிக் எதைக் காட்டி நிரூபிப்பான்?

இந்தச் சொல் எங்கே பிறந்தது, கல்முனைக் கரைக்கு எந்த வாசலால் வந்தது, கிதாபிலிருந்து தேர்தல் மேடைக்கு எப்படி ஏறியது என்று பார்ப்பதே இக்கட்டுரை. பார்த்துக்கொண்டு போனால் ஒரு சங்கதி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு கூட்டத்தில் சேர்ந்திருப்பதால் கைக்கு ஏதாவது வரும் காலங்களில்தான் இந்தச் சொல்லுக்கு உயிர் வருகிறது.

பிறப்பிடத்திலேயே அதுதான் நடந்தது. நபிகள் நாயகம் (ஸல்) மக்காவில் இருந்த காலத்தில் முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வது அடி வாங்கும் காரியம். பொய்யாக அப்படிச் சொல்லிக்கொள்ள அங்கே யாருக்கும் தேவை இருக்கவில்லை. 622இல் ஹிஜ்ரத் நடந்து, மதீனாவில் முஸ்லிம்கள் ஓர் ஆட்சியாக எழுந்து, அந்தப் பெயரில் பாதுகாப்பும் பங்கும் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவர்கள் தோன்றினார்கள். 625இல் உஹதுப் போருக்குப் புறப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் பேரில் முந்நூறு பேரை அப்துல்லாஹ் இப்னு உபை பாதி வழியில் திருப்பிக்கொண்டு போனார். முனாபிக் என்றதும் உலமாக்கள் முதலில் சொல்வது அவருடைய பெயரைத்தான்.

சொல்லின் வேரை அரபு அகராதிக்காரர்கள் பாலைவனத்து எலி ஒன்றின் வளையில் காட்டுகிறார்கள். யர்பூஉ என்ற அந்தப் பிராணி தன் வளைக்கு ஒரு வாயிலைத் திறந்து வைக்கும். இன்னொன்றை முழுதும் தோண்டாமல், மேலே மெல்லிய மண் ஓட்டை மட்டும் விட்டு வைக்கும். வேட்டைக்காரன் திறந்த வாயிலில் கை வைத்தால், ஓட்டைத் தலையால் முட்டி உடைத்துக்கொண்டு மறுபக்கத்தால் போய்விடும். அந்த மறைவாயிலுக்கு நாபிகா என்று பெயர். சுரங்கம் என்ற பொருளுள்ள நபக் என்ற சொல்லும் இதே குடும்பம். ஒரு வாயிலால் தீனுக்குள் வந்து, தேவைப்படும்போது இன்னொரு வாயிலால் வெளியேற வழி வைத்திருப்பவன் என்பது இதிலிருந்து கிடைக்கும் பொருள். கெட்டவன், பொல்லாதவன் என்பதெல்லாம் பின்னால் ஏறியவை.

குர்ஆனின் அறுபத்து மூன்றாம் சூறா இவர்களுடைய பெயரிலேயே இருக்கிறது, பதினொரு வசனம். நான்காம் சூறா நரகத்தின் அடித்தட்டை இவர்களுக்கு ஒதுக்குகிறது. பகிரங்கமாக மறுப்பவனுக்கும் கீழே. சொல்லின் கனம் இங்கிருந்து வருகிறது. எதிரில் நின்று எதிர்ப்பவனைவிடப் பக்கத்தில் நின்று சிரிப்பவன் மோசம் என்பது எல்லாச் சமூகத்துக்கும் தெரிந்ததுதான். அந்த அனுபவத்துக்கு மறுமையில் ஓர் இடத்தையும் குறித்துக் கொடுத்த சொல் இது.

ஆனால் அதே மூலத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. குத்பாக்களில் அது குறைவாகவே கேட்கும். குர்ஆன் முனாபிக்குகளின் குணத்தை விரிவாகச் சொல்கிறது. ஒருவருடைய பெயரையும் சொல்வதில்லை. நபியவர்கள் சிலருடைய பெயர்களை ஹுதைபா இப்னுல் யமான் என்ற ஒரே தோழரிடம் மட்டும் இரகசியமாகச் சொல்லி வைத்தார்கள். அவர் அதைக் கடைசிவரை வெளியிடவில்லை. கலீபாவாக இருந்த உமர் (ரலி) அவரிடம் போய்க் கேட்டது, அந்தப் பட்டியலில் தன்னுடைய பெயர் இருக்கிறதா என்பதை. தனக்கு ஆகாதவர் பெயர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஹன்ளலா என்ற தோழர், நபியவர்களின் சபையில் இருக்கும்போது உருகும் மனசு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளோடு கலந்ததும் மாறிவிடுகிறதே என்று பயந்து, தானே முனாபிக் ஆகிவிட்டதாகத் தெருவில் சொல்லிக்கொண்டு வந்தார். முப்பது ஸஹாபிகளைச் சந்தித்த இப்னு அபீ முலைகா, அவர்கள் ஒவ்வொருவரும் தன்னிடத்தில் நிபாக் (முனாபிக்தனம்) இருக்குமோ என்று அஞ்சியதாகக் கூறியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. இப்னு உபை இறந்தபோது நபியவர்கள் தம் சட்டையைக் கபனுக்குக் கொடுத்து, ஜனாஸாத் தொழுகையும் நடத்தினார்கள். அப்படித் தொழுவிப்பதை அதன் பிறகே வசனம் தடுத்தது.

ஆரம்பத்தில் இது தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளும் சொல்லாகவே பெரிதும் இருந்திருக்கிறது. அடுத்தவனுடைய நெஞ்சைப் பிளந்து பார்க்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்ற கண்டிப்பும் கூடவே இருந்தது. கலிமாச் சொன்னவனைப் போர்க்களத்தில் கொன்றுவிட்டு, உயிர்ப் பயத்தில் சொன்னான் என்று சமாதானம் கூறிய உஸாமாவுக்குக் கிடைத்தது அந்தக் கண்டிப்புத்தான்.

இனிக் கரைக்கு வருவோம். இந்தச் சொல் நம்மூர் வாய்க்கு வந்த வாசல் ஓதப்பள்ளி. லெப்பையின் முன்னால் சப்பணமிட்டு இருக்கும் வயதிலேயே முனாபிக்கின் அடையாளம் மூன்று என்று பிள்ளை மனப்பாடம் செய்துவிடும். பேசினால் பொய், வாக்குக் கொடுத்தால் மாறுதல், அமானிதத்தை நம்பிக் கொடுத்தால் மோசடி. பாடசாலையின் இஸ்லாம் பாடத்திலும் அதே மூன்றுதான். ஆகவே கல்முனைக்குடிப் பிள்ளைக்கு இது அரபுச் சொல்லாகத் தெரிவதில்லை. மாபிள் தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் போகும் கூட்டாளியை அது முனாபிக்கு என்று திட்டும். திட்டு வாங்கியவன் எந்த அடையாளம் என்று வாதாடுவான். மூன்றாவது பொருந்தாது, இரண்டாவது பொருந்தும் என்று ஏழு வயதில் சட்ட வாதம் நடக்கும்.

பெரியவர்களிடத்தில் விளையாட்டு வேறு மாதிரி. சுபஹும் இஷாவும் முனாபிக்குகளுக்குப் பாரமான தொழுகைகள் என்பது ஹதீஸ். தேத்தண்ணிக் கடையில் இது தினமும் பயன்படும்.

“சுபஹுக்குக் காணல்லயே?”

“நித்திர போயிட்டு காக்கா.”

“அப்ப பேரு லிஸ்ட்ல ஏறிட்டு.”

சிரிப்போடு முடிந்துவிடும். தாய்வழிக் குடிமுறை உள்ள இந்த ஊர்களில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்டாட்டி வீட்டில் குடியிருக்கப் போகிறவன். உம்மா வீட்டில் வயிறு நிரம்பிவிட்டது என்று கையைக் கழுவிவிட்டு மாமி வீட்டில் மறுபடி உட்காருகிற மகனையும் உம்மா செல்லமாக இதே சொல்லால் கூப்பிடுவாள். சுருக்கென்று தைக்கும் சொல்லைச் செல்லத்துக்கும் எடுப்பது தமிழில் வழக்கந்தான். கள்ளன், திருடி எல்லாம் தாலாட்டிலேயே இருக்கிறார்கள்.

எழுத்துத் தமிழில் இதற்கு நயவஞ்சகன் என்று ஒரு சொல் நிலைத்துவிட்டது. குர்ஆன் தமிழாக்கங்கள் பெரும்பாலும் அதையே எடுக்கின்றன. நல்ல சொல்தான், நயமாகப் பேசி வஞ்சிப்பவன் என்று இரண்டு பக்கத்தையும் பிடித்துவிடுகிறது. ஆனால் வாய்ச்சண்டையில் யாரும் யாரையும் நயவஞ்சகா என்று திட்டிக் கேட்டதில்லை. அது மேடையில் வாசிக்க ஆகும். நெஞ்சு கொதிக்கும்போது வருவது அரபுச் சொல். அதுவும் தமிழ் விகுதி ஒட்டிக்கொண்டு முனாபிக்கு, முனாபிக்தனம், முனாபிக் வேலை என்று வரும். குத்பாவில் முனாபிகீன்கள் என்பார்கள். அரபுப் பன்மையின் மேல் தமிழ்ப் பன்மை. உலமாக்கள், ஸஹாபாக்கள் போல. நல்லவருக்கும் பொல்லாதவருக்கும் இந்த இலக்கணத்தில் ஒரே மரியாதை.

இந்தச் சொல் இவ்வளவு தாராளமாகப் புழங்குவதற்கு மார்க்கச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒருவனைக் காபிர் என்றோ முர்தத் (மதம் மாறியவன்) என்றோ சொன்னால் அதற்குப் பின்விளைவு உண்டு. நிக்காஹ் முறியும், வாரிசுரிமை போகும், மையவாடியில் இடம் கிடைக்காது. ஆகவே அதைச் சொல்ல ஆலிம்கள் கூட வேண்டும், பத்வா வேண்டும். அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்துக் காத்தான்குடியே சாட்சி. அங்கே சூபி மௌலவி ஒருவருக்கும் அவரைப் பின்பற்றியோருக்கும் எதிராக அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா 1979இல் மதம் மாறியோர் என்று பத்வா கொடுத்தது. கால் நூற்றாண்டு கழித்து 2004இல் அந்தப் பிணக்குத் தெருச் சண்டையாக வெடித்து வீடுகள் எரிந்தன. ஒரு முர்தத் பத்வாவின் ஆயுள் அவ்வளவு.

முனாபிக்குக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. உள்ளத்தில் என்ன இருந்தாலும் வெளியே முஸ்லிமாக நடப்பவன் இந்த உலகத்துச் சட்டத்தில் முஸ்லிமே. அவனுடைய நிக்காஹ் செல்லும், சொத்து அவனுக்கு வரும், ஜனாஸாவைத் தூக்கத்தான் வேண்டும். சட்டத்தில் எந்த விளைவும் இல்லாததால் இந்தப் பட்டத்தைக் கொடுக்க முப்தி தேவையில்லை. மீன்காரரும் கொடுக்கலாம், மேடைப் பேச்சாளரும் கொடுக்கலாம். நரகத்தின் அடித்தட்டுக்கு ஒருவனை அனுப்ப ஒரு காசு செலவில்லை, ஒரு கையெழுத்து வேண்டியதில்லை. இவ்வளவு பாரமான சொல் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதுதான் ஆபத்து. அரசியல் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டது.

கட்சி மாறுவது அம்பாறைக் கரைக்குப் புதிதில்லை. அம்பாறை என்ற மாவட்டம் 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்படுவதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது. 1956 பொதுத் தேர்தலில் தமிழரசுக் கட்சிப் பட்டியலில் கல்முனையில் எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் வென்றார்கள். வென்ற பிறகு இருவரும் அரசாங்கத்தின் பக்கம் போய்விட்டார்கள். 1960 ஜூலையில் அதே கட்சியில் கல்முனையை வென்ற எம்.சி. அகமதும் அப்படியே செய்தார். தமிழர்கள் கொதித்தார்கள். முஸ்லிம்களைக் குறித்துத் தமிழர் வாயில் வழங்கும் ‘தொப்பி பிரட்டி’ என்ற இழிசொல்லுக்கு இத்தகைய தாவல்கள் தீனி போட்டன. எந்தப் பக்கம் பிரட்டிப் போட்டாலும் தலையில் பொருந்தும் தொப்பியைப் போல ஆள் என்பது அதன் கருத்து. ஒரு சிலர் செய்ததற்கு ஒரு சமூகம் முழுவதன் தலையிலும் அதை வைத்துவிட்டார்கள் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஊருக்குள்ளே அவர்களை முனாபிக் என்று தூற்றும் அலை எழவில்லை. அவர்கள் விட்டுப்போனது தமிழரசுக் கட்சியை. ஆட்சியோடு போனால் பாடசாலைக்குக் கட்டிடம் வரும், வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும், நாலு பேருக்கு உத்தியோகம் வரும். அது கெட்டித்தனம் என்றே பலர் எண்ணினார்கள். வேலி தமிழருடையது, அதைத் தாண்டியவன் தமிழருக்குத் தொப்பி பிரட்டி, நமக்கு ஊருக்கு உழைப்பவன்.

தமிழ் அரசியலில் இதற்கு இணையான சொல்லாகத் துரோகி ஆயுதம் ஏந்தி நின்றது. 1975 ஜூலை 27இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டபோது அந்தச் சொல்லில் தீர்ப்பும் தண்டனையும் ஒன்றாகிப் போயின. பின்னர் அது ஆட்களைத் தாண்டிச் சமூகங்களுக்கும் விரிந்தது. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதும், அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டதும், காட்டிக்கொடுப்பவர்கள் என்ற ஒற்றைச் சொல்லால் நியாயப்படுத்தப்பட்டன. முனாபிக் என்ற சொல்லுக்கு இங்கே அப்படித் துவக்கு ஏந்தியவர்கள் வாய்க்கவில்லை. அது அதிர்ஷ்டந்தான், சொல்லின் குணத்துக்கு அதில் பங்கில்லை.

முஸ்லிம்களுக்கென்று ஒரு வேலி 1980களில்தான் எழுந்தது. சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த எம்.எச்.எம். அஷ்ரஃப் 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு நின்றவர். 1981இல் காத்தான்குடியில் தொடங்கிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸை 1986இல் அவர் அரசியல் கட்சியாக்கினார். 1988 மாகாண சபைத் தேர்தல், 1989 பாராளுமன்றத் தேர்தல் என்று கட்சி ஏறுமுகமானது. கூட்டங்கள் தக்பீர் முழக்கத்தோடு நடந்தன. குர்ஆனும் ஹதீஸும் வழிகாட்டி என்றது கட்சி. தலைமைக்கு உறுதி கொடுப்பதைக் குறிக்கப் பைஅத் என்ற மார்க்கச் சொல்லையே எடுத்தார்கள். நபித்தோழர்கள் கை வைத்துக் கொடுத்த வாக்குறுதியின் பெயர் அது. பைஅத் அரசியல் அகராதிக்கு வந்தால், அதை முறிப்பவனுக்கான சொல்லும் பின்னாலேயே வரும், வந்தது.

1994இல் அஷ்ரஃப் துறைமுகங்கள் அமைச்சரானார். 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. மறு ஆண்டே அது பல்கலைக்கழகமானது. துறைமுகத்தில் தொழில் கிடைத்தது. மதீனாவில் நடந்ததுதான் இங்கும். கட்சிக்காரன் என்பதில் பங்கு வந்தபோது, யார் உண்மையான கட்சிக்காரன் என்ற கேள்வியும் வந்தது. 2000 செப்டம்பர் 16இல் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்து அஷ்ரஃப் இறந்ததும் அந்தக் கேள்வி வெடித்துவிட்டது. தலைமைக்கு இழுபறி, பிறகு பிளவு, பிளவுக்குள் பிளவு. முஸ்லிம் காங்கிரஸின் சின்னமான மரத்திலிருந்து பிரிந்தவர்கள் குதிரையில் ஏறினார்கள், வேறு சிலர் மயிலைப் பிடித்தார்கள். சின்னங்களின் பெயரைச் சொன்னாலே கரையோரத்தில் போதும், கட்சிப் பெயர் தேவையில்லை. மரத்தின் மேடையில் குதிரைக்காரர் முனாபிக். குதிரையின் மேடையில், தலைவரின் அமானிதத்தைத் தின்றவர்கள் என்று மரத்துக்காரர் முனாபிக். அக்கரைப்பற்றில் ஒரு பட்டியல், கல்முனையில் இன்னொரு பட்டியல். ஹுதைபா மறைத்து வைத்த பட்டியலை இவர்கள் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்.

இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவற்றை இங்கே விரிப்பதில் பயனில்லை. ஆட்கள் மாறுவார்கள், வசனம் மாறாது. ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டும். 2020 ஒக்டோபர் 22இல் அரசியலமைப்பின் இருபதாவது திருத்தம் 156க்கு 65 என்று நிறைவேறியது. எதிரணியிலிருந்து எட்டுப் பேர் ஆதரவாகக் கை உயர்த்தினார்கள். அவர்களில் பலர் முஸ்லிம்கள். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களிக்க, அவருடைய கட்சி உறுப்பினர் நால்வர் ஆதரித்தனர். காலம் எது என்பதுதான் விஷயம். கொவிட்டில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்ற விதி அந்த ஏப்ரலில் வர்த்தமானியில் வந்து, முஸ்லிம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. மையத்தைக் குளிப்பாட்டவும் முடியாமல், மண்ணும் போட முடியாமல், வீட்டுக்காரர்கள் சாம்பலுக்குக் கையெழுத்து வைக்க மறுத்த காலம். அந்த அரசாங்கத்துக்கு அதிகாரம் கூட்டிக் கொடுத்தவர்கள் நம்முடைய ஆட்கள் என்றபோது கரையோரம் கொதித்தது. தொப்பி பிரட்டி என்று தமிழர் சொன்னதை முஸ்லிம்களே முஸ்லிம் எம்பீமாரைப் பார்த்துச் சொன்னார்கள். துரோகியும் முனாபிக்கும் ஒரே முகநூல் பதிவில் அடுத்தடுத்து நின்றன.

இங்கே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோபம் முற்றிலும் நியாயமானது. வாக்களித்தவனுக்கு வாக்கு மாறியவனைக் கடிந்து பேச உரிமை உண்டு. வாக்கு மாறுதல் ஓதப்பள்ளிப் பட்டியலில் இரண்டாவது அடையாளமே. அடக்கம் செய்யும் உரிமை 2021 பெப்ரவரி இறுதியில்தான் திரும்பக் கிடைத்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் மட்டும் அடக்கம் செய்ய விட்டார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. இடைப்பட்ட காலத்தில் எரிந்தவை எரிந்தவைதாம். ஆனால், ஏன் வாக்களித்தீர்கள், யாரிடம் என்ன பேசினீர்கள், எதற்குப் பதிலாக என்ன கிடைத்தது என்று கேட்டு உட்கார வைக்க வேண்டிய இடத்தில் முனாபிக் என்று சொல்லிவிட்டால் கேள்வி அதோடு முடிந்துவிடுகிறது. உள்ளமே கெட்டது என்று தீர்ந்த பிறகு விளக்கம் எதற்கு? திட்டு வாங்கியவருக்கும் அது வசதி. கணக்குக் காட்ட வேண்டியவர், அல்லாஹ் என் உள்ளத்தை அறிவான் என்று கையை விரித்துவிட்டுப் போய்விடலாம். போனார்கள்.

வேலி சுருங்கச் சுருங்கச் சொல்லும் சுருங்கும் என்பதைச் சாய்ந்தமருதில் பார்த்தோம். 1987க்கு முன் கரவாகு தெற்காகத் தனியே இருந்த ஊர், தனக்கென்று ஒரு நகர சபை கேட்டது. 2017இல் கடையடைப்பும் ஆர்ப்பாட்டமும். 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் பள்ளிவாசலின் ஆதரவோடு சுயேச்சைக் குழு இறங்கிச் சாய்ந்தமருது வட்டாரங்களை வென்றது. 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது. சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. எதிர்ப்பக்கம் நின்ற கல்முனைக்குடியினரும் முஸ்லிம்கள், அதே மத்ஹப், அதே குடிகள், பாதிக்குப் பாதி சம்பந்தக்காரர்கள். சாய்ந்தமருதில் ஊரின் முடிவை மீறிப் பழைய கட்சியில் நின்றவர் ஊர்த்துரோகி ஆனார். சமூகம் என்ற வட்டம் ஊர் அளவுக்குக் குறுகியதும், மார்க்கச் சொல்லின் வேலையைத் தமிழ்ச் சொல் எடுத்துக்கொண்டது.

அதே சாய்ந்தமருதில்தான் 2019 ஏப்ரல் 26 இரவு, ஈஸ்டர் குண்டுதாரிகளின் கூட்டத்தார் தங்கியிருந்த வீட்டில் குண்டுகள் வெடித்தன. வாடகைக்கு வந்தவர்களின் நடத்தையில் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் ஊர் முஸ்லிம்கள். தீவிரவாதிகளின் அகராதியில், அரசுக்குத் தகவல் கொடுக்கும் முஸ்லிம்தான் முதல் முனாபிக். அவன் காபிரைவிட மோசம். ஊரின் கணக்கில், தொழுதுகொண்டே பிள்ளைகளையும் சேர்த்துக் கொன்றவர்களுக்கு அந்தச் சொல்லும் போதவில்லை. ஒரே சொல்லை இரு பக்கமும் கையில் வைத்திருக்கும்போது அது யாருக்கும் எதையும் விளக்குவதில்லை.

பழைய ஆலிம்கள் பேச்சில் ஒரு நுட்பம் வைத்திருந்தார்கள். கொள்கையில் நிபாக் வேறு, செயலில் நிபாக் வேறு என்று பிரித்தார்கள். முதலாவது அல்லாஹ்வுக்கு மட்டும் தெரிந்தது. இரண்டாவது கண்ணுக்குத் தெரிவது. பொய், வாக்கு மாறல், அமானித மோசடி. ஆகவே “அது நிபாக்குடைய குணம்” என்பார்கள், “அவன் முனாபிக்” என்று சொல்லமாட்டார்கள். வேலையைத் திட்டலாம், ஆளை முடித்துவிடக் கூடாது என்ற கட்டுப்பாடு. சுனாமிக்குப் பின் நிவாரணப் பட்டியலில் பெயர் மாற்றி எழுதியவர்களைப் பற்றி இப்படித்தான் பேசியிருக்க வேண்டும். எந்தப் பட்டியல், எத்தனை வீடு, யார் கையெழுத்து என்று. பதிலாக ஆளுக்காள் முனாபிக் பட்டம் கொடுத்துக்கொண்டார்கள். வீடு கிடைக்காதவருக்குக் கிடைக்காமலே போனது.

இன்னொன்று. ஓதப்பள்ளியில் மனப்பாடம் செய்விப்பது மூன்று அடையாளம் சொல்லும் அறிவிப்பு. அப்துல்லாஹ் இப்னு அம்ர் அறிவிக்கும் ஹதீஸில் நான்கு உண்டு. நான்கும் இருந்தால் முழு முனாபிக். ஒன்று இருந்தால், அதை விடும்வரை நிபாக்கின் ஒரு குணம் அவனிடம் இருக்கிறது என்று அது சொல்கிறது. நான்காவது அடையாளம், வழக்காடினால் எல்லை மீறுவது. பகைத்துவிட்டால் வாய்க்கு வந்ததைப் பேசுவது. தேர்தல் காலத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு எதிராளியின் வாப்பாவையும் உம்மாவையும் இழுத்து, முனாபிக்கு, முனாபிக்கு என்று தொண்டை கிழியக் கத்துகிறவர் அந்த நேரத்தில் பட்டியலின் எந்த இலக்கத்தில் நிற்கிறார் என்பதை மேடைக்குக் கீழே நிற்கும் ஓதப்பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அரசியலமைப்புக்கு இந்த அகராதி எதுவும் தெரியாது. இருபதாவது திருத்தத்தை ஆதரித்த முஸ்லிம் காங்கிரஸ் நால்வரில் ஒருவரான மட்டக்களப்பு மாவட்ட உறுப்பினர், அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கும் கட்சி முடிவை மீறி ஆதரவளித்தார். கட்சி அவரை நீக்கியது. அவர் நீதிமன்றம் போனார். நீக்கியது முறையா, விசாரணை ஒழுங்காக நடந்ததா, கட்சி முடிவு அவருக்குத் தெரிவிக்கப்பட்டதா என்பவையே அங்கு கேட்கப்படும் கேள்விகள். உள்ளத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழிந்து, 2023 ஒக்டோபரில் நீக்கம் செல்லும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது; ஆசனம் போனது. இருபதாவது திருத்தத்துக்காக முகநூலில் முனாபிக் பட்டம் வாங்கிய மற்றவர்கள் ஆசனத்திலேயே இருந்தார்கள்.